விளையாட்டும் சமாதானமும்: வீடியோ விளையாட்டுகள் பற்றிய சில விமர்சனக் குறிப்புகள்

1

விளையாட்டு என்ற சொல்லைத் தமிழர் பொறுப்பின்மைக்கு மறுபெயராகவும் வழங்கி வந்துள்ளனர். ‘விளையாட்டுப் புத்தி’ என்றும், ‘விளையாட்டாகச் சொன்னது’ என்றும் கூறுகையில் அச்சொல் உலகியலுக்குப் புறம்பான, விளைவு எதுவுமற்ற செயலையே குறிக்கின்றது. ஆனால் பாரதக் கதையிலே பதினெட்டு நாட் போருக்கு வித்திட்டது ஒரு சூதாட்டமே. பரமபதப் பலகையில் ஏணியும் பாம்பும் வெறும் பொழுதுபோக்கிற்காக வரையப்பட்டவையல்ல. புண்ணியம் ஏற்றும், பாவம் இறக்கும் என்னும் ஓர் உலக நோக்கினைத் தாயக்கட்டையின் துணைகொண்டு பிள்ளைகளின் மனத்திலே பதிய வைத்த பலகை அது. ஏணியில் ஏறுவதும் பாம்பின் வாயில் வீழ்வதும் ஆடுபவரின் நடத்தையால் அன்றித் தாயம் விழும் விதத்தால் நிகழ்பவை. ஆகவே புண்ணியத்தைப் போதிக்க வந்த பலகை உண்மையில் விதியையே போதித்தது எனலாம். ஒரு விளையாட்டுத் தன் வாயாற் கூறுவது ஒன்று. தனது விதிகளாற் கற்பிப்பது பிறிதொன்று. இக்கட்டுரையின் அக்கறை இந்த வேறுபாட்டிலேயே தங்கியுள்ளது.

அண்மைக் காலத்தில் சமாதானக் கல்வி பற்றிப் பேசுவோர் வீடியோ விளையாட்டுகளைக் கருவியாகக் கொள்ளலாம் என்று பெரிதும் வற்புறுத்தி வருகின்றனர். புதுடில்லியில் 2012 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற, மகாத்மா காந்தியின் பெயரைத் தாங்கிய யுனெஸ்கோ கல்வி நிறுவனம் 2016 இல் இப்பொருள் குறித்து ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. பிறர் துயரைத் தன் துயராக உணர்தல், மாற்றார் நோக்கிலிருந்து காணல், தானும் தீமைக்கு உடந்தையாவதை அறிதல் என்பனவற்றை விளையாட்டுகள் வளர்க்கக்கூடும் என்பது அதன் வாதம். இவ்வாதத்தை எள்ளி நகையாடுவது எளிது. முற்போக்காளர் சிலர், இவை யாவும் முதலாளித்துவக் கேளிக்கைத் தொழிலின் புதுச் சரக்குகளே என்று ஒரே வாக்கியத்திற் தீர்ப்பளித்து விடுகின்றனர். அத்தகைய தீர்ப்பு விமர்சனமாகாது. திரைப்படம் வந்தபோதும் நம்மிற் பலர் அவ்வாறுதான் பேசினர். அதனால் திரைப்படம் யார் கையிற் போயிற்று என்பது அனைவரும் அறிந்ததே.

2

சமாதானத்தைக் கற்பிக்கும் விளையாட்டு என்னும் எண்ணம் புதிது. போரைக் கற்பிக்கும் விளையாட்டு பழையது. பிரஷ்ய இராணுவ அதிகாரிகளைப் பயிற்றுவதற்கு ரைஸ்விற்ஸ் என்னும் தந்தையும் மகனும் ஆக்கிய போர் விளையாட்டு 1824 அளவில் அந்நாட்டுப் படையினாலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டது. நிலப்படத்தின் மீது படைக் கட்டைகளை நகர்த்தி, தாயக்கட்டை உருட்டி, இழப்புகளை அட்டவணை பார்த்துக் கணக்கிடும் முறை அது. கணினி விளையாட்டுகளின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுவதும், 1962 இல் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் உருவானதுமான ஆட்டத்தின் பெயரே ‘விண்வெளிப் போர்’ என்பதாகும். ஐக்கிய அமெரிக்க இராணுவம் 2002 இல் தன் செலவிலேயே ‘அமெரிக்காவின் இராணுவம்’ என்னும் விளையாட்டை இலவசமாக வெளியிட்டு, இருபது ஆண்டுகள் அதனை ஆட்சேர்ப்புக்கும் பிரசாரத்துக்கும் பயன்படுத்தி, 2022 இல் நிறுத்திக்கொண்டது. விளையாட்டு மனத்தை மாற்றுமா என்று கல்வியாளர் ஐயுற்றுக்கொண்டிருந்த காலத்தில் இராணுவத்தினருக்கு அவ்வையம் இருக்கவில்லை என்பது மனங்கொளத்தக்கது.

இம்மரபினுள்ளிருந்தே இதற்கு எதிர்க்குரலும் எழுந்தது. கிறிஸ் குறோபோட் 1985 இல் வெளியிட்ட ‘அதிகாரச் சமநிலை’ என்னும் ஆட்டம் கெடுபிடிப் போர்க் காலத்து வல்லரசு ஒன்றின் தலைமையை ஆடுபவரிடம் ஒப்படைக்கின்றது. ஒரு சிறு நாட்டிலே கிளர்ச்சியாளருக்கு ஆயுதம் அனுப்புகிறீர்கள், மறு வல்லரசு ஆட்சேபிக்கின்றது, நீங்கள் விட்டுக்கொடுக்க மறுக்கிறீர்கள், அதுவும் மறுக்கின்றது. சில படிகளுக்குள் அணுப்போர் மூண்டு ஆட்டம் முடிந்துவிடும். அவ்வேளையில் வெடிப்பையோ அழிவையோ காட்டும் படம் எதுவும் திரையில் வராது. தோல்விக்குப் பரிசளிப்பதில்லை என்னும் கருத்துப்பட ஒரு சிறு அறிவித்தல் மட்டுமே தோன்றும். அழிவைக் கண்கவர் காட்சியாக்க மறுத்த அந்த ஒரு முடிவினாலேயே குறோபோட் ஏனையோரினின்றும் வேறுபடுகின்றார். எனினும் அவருடைய ஆட்டத்திலே சிறு நாடுகள் வல்லரசுகளின் காய்களே. அந்நாட்டு மக்கள் எண்களாகவேனும் தென்படுவதில்லை. சமாதானம் என்பது ஈண்டு இரு பெரியவர்கள் சண்டையிடாதிருத்தல் மட்டுமே.

3

சமாதானக் கல்விக்கென்றே ஆக்கப்பட்டவற்றுள் அதிகம் ஆராயப்பட்டதும், ஆராயத் தகுந்ததும் ‘பீஸ்மேக்கர்’ என்னும் விளையாட்டாகும். கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாணவர் செயற்றிட்டமாகத் தொடங்கி, அசி புராக், எரிக் பிறவுண் ஆகியோரால் 2007 பெப்ரவரியில் வெளியிடப்பட்ட இவ்வாட்டம் இஸ்ரேலிய–பலஸ்தீனப் பிரச்சினையைப் பொருளாகக் கொண்டது. புராக் முன்னர் இஸ்ரேலிய இராணுவப் புலனாய்வுப் பிரிவில் அதிகாரியாகப் பணிபுரிந்தவர். ஆங்கிலம், ஹீப்ரு, அரபு ஆகிய மூன்று மொழிகளில் ஆட்டம் வந்தது. அனாபொலிஸ் மாநாடு கூடிய 2007 நவம்பரை ஒட்டி, பெரஸ் சமாதான நிலையத்தின் முயற்சியால் அங்குள்ள நாளிதழ்கள் வழியே இதனை இலவசமாகப் பரப்பும் ஏற்பாடும் நடைபெற்றது.

ஆடுபவர் இஸ்ரேலியப் பிரதமராகவோ பலஸ்தீன ஜனாதிபதியாகவோ ஒரு பாத்திரத்தைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். திரையில் ஒரு நிலப்படம். குண்டுவெடிப்பு, ஆர்ப்பாட்டம், சுற்றிவளைப்பு எனச் செய்திகள் வந்துகொண்டிருக்கும். அவை நடிக்கப்பட்டவையல்ல, உண்மைச் செய்திப்படங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. பாதுகாப்பு, அரசியல், நிர்மாணம் என வகுக்கப்பட்ட நடவடிக்கைகளுள் ஒன்றைத் தெரிந்து ஆடுபவர் பதிலளிக்கிறார். ஒவ்வொரு நடவடிக்கைக்கும் இரு தரப்பினரின் மனப்பான்மை ஏறியோ இறங்கியோ புள்ளிகளாகத் தெரியும். பூச்சியத்தில் தொடங்கும் இரு புள்ளிகளும் நூறை எட்டினால் இரு அரசுத் தீர்வு கிட்டுகின்றது; தலைவருக்கு நொபெல் பரிசும் கிடைக்கின்றது. புள்ளிகள் மிகவும் கீழிறங்கினால் தலைவர் தோற்கிறார்.

இவ்வாட்டத்தின் சிறப்பினை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. முதன்முறை ஆடியபோது நான் பிரதமராக அமர்ந்தேன். ஒரு குண்டுவெடிப்புச் செய்தி வந்தவுடன் என் கை தானாகவே இராணுவ நடவடிக்கைப் பட்டியலை நாடிற்று. அரை மணி நேரத்துக்குள் தோற்றுப்போனேன். மறுமுறை மிகுந்த நல்லெண்ணத்துடன் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க முனைந்தேன், அப்போதும் தோற்றேன். இம்முறை என்னை வீழ்த்தியவர் எதிர்த்தரப்பினர் அல்லர், என்னுடைய ‘சொந்த’ மக்களே. பாத்திரத்தை மாற்றிப் பலஸ்தீன ஜனாதிபதியாக அமர்ந்தபோதுதான் ஆட்டத்தின் மிகக் கூரிய பகுதி வெளிப்பட்டது. பிரதமருக்குப் படையும் விமானமும் ஊரடங்கும் எல்லை மூடலும் கையெட்டும் தூரத்தில் இருக்க, ஜனாதிபதிக்குப் பெரும்பாலும் வேண்டுகோளும் பேச்சும் பிறர் தரும் உதவியுமே எஞ்சுகின்றன. எந்த விரிவுரையும் விளக்காத அதிகார ஏற்றத்தாழ்வை இந்த வெறுமையான பட்டியல் விளக்கிவிடுகின்றது. விளையாட்டு என்னும் கலைவடிவத்துக்கே உரிய ஆற்றல் இதுவெனலாம். நாடகத்தில் பாத்திரத்தின் கையறு நிலையைப் பார்க்கிறோம். ஆட்டத்தில் கையை நீட்டிப் பார்த்து அங்கே எதுவுமில்லை என்பதை அறிகிறோம்.

ஆயின் விளையாட்டின் விதிகள் எவற்றைக் கற்பிக்கின்றன என்ற வினா இன்னும் எஞ்சியுள்ளது. பட்டியலிலே சமமின்மையை ஒப்புக்கொள்ளும் ஆட்டம் வெற்றியின் வரைவிலக்கணத்திலே அதனை மறந்துவிடுகின்றது. இரண்டு அளவுகோல்கள், இரண்டும் ஒரே நூறு. ஆக்கிரமித்தோனின் மனநிறைவும் ஆக்கிரமிக்கப்பட்டோனின் மனநிறைவும் ஒரே தராசிலே நிறுக்கப்படுகின்றன. நீதி என்ற ஒரு மூன்றாவது அளவுகோல் இல்லை. நிலம் எவ்வளவு மீண்டது, அகதி எவர் திரும்பினார் என்ற கணக்கு வெற்றியைத் தீர்மானிப்பதில்லை, மனப்பான்மையே தீர்மானிக்கின்றது. இது கருத்துக் கணிப்பாளனின் சமாதானம்.

மேலும், ஆட்டத்தில் வெல்லும் வழி படிப்படியான வழி. முதலிற் சிறு நம்பிக்கை நடவடிக்கைகள், பின்னர் பொருளாதார உதவி, பின்னர் பேச்சுவார்த்தை, எல்லாவற்றுக்கும் இறுதியிலேயே எல்லை, ஜெரூசலேம், அகதிகள் என்பன. அவசரப்பட்டு அடிப்படைப் பிரச்சினையைத் தொடுபவர் தோற்பார். இது 1993 ஆம் ஆண்டின் ஒஸ்லோ உடன்படிக்கையின் கோட்பாடே என்பதை அரசியல் அறிந்தோர் உடனே இனங்காண்பர். அவ்வுடன்படிக்கையும் அடிப்படைப் பிரச்சினைகளை ‘இறுதி நிலைப்’ பேச்சுக்கென ஒதுக்கி வைத்தது. ஒதுக்கி வைக்கப்பட்ட காலத்தில் நிலம் சும்மா இருக்கவில்லை. கிழக்கு ஜெரூசலேம் நீங்கலாக மேற்குக் கரையில் 1993 இல் ஏறத்தாழ 110,000 ஆக இருந்த இஸ்ரேலியக் குடியேறிகளின் தொகை, இவ்வாட்டம் வெளிவந்த 2007 இல் 250,000 ஐத் தாண்டியிருந்தது. இஸ்ரேலியப் பிரதமர் றபீன் 1995 நவம்பரிலே தன் இனத்தவன் ஒருவனாலேயே சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். 2006 ஜனவரித் தேர்தலில் ஹமாஸ் வென்றிருந்தது. ஆட்டம் வெளிவந்த நான்கே மாதங்களில், 2007 ஜூனில், காஸா அவ்வியக்கத்தின் முழுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. யதார்த்தத்திலே ஏற்கெனவே நொறுங்கிக்கொண்டிருந்த ஒரு கோட்பாட்டினைச் சரியான விடையாக ஆட்டம் தன்னுள்ளே பொதிந்து வைத்தது. மாணவன் பல முறை தோற்று, இறுதியில் அவ்விடையைத் ‘தானே கண்டுபிடிக்கிறான்’. தானே கண்டுபிடித்ததாக நம்புவதை எவரும் எளிதிற் சந்தேகிப்பதில்லை. இத்தகைய விளையாட்டுகளின் கருத்துநிலை ஆற்றல் இதிலேதான் உறைகின்றது. 2023 ஒக்டோபர் 7 இல் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்ட தாக்குதலின் பின்னரும், காஸாவிற் பல்லாயிரவரைப் பலிகொண்ட போரின் பின்னரும் அந்த நூற்றுக்கு நூறைத் திரும்பிப் பார்க்கையில் ஆட்டம் பிழைத்தது எங்கே என்பதை விளக்க அதிக சொற்கள் வேண்டியதில்லை.

4

இவ்விடத்தில் நமது மொழி தரும் ஒரு வேறுபாடு பயன்படக்கூடும். ‘கொன்ஃபிளிக்ற்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நாம் இன்று ‘முரண்பாடு’ என்றே எழுதிவருகிறோம். அரசசார்பற்ற நிறுவனங்களின் கருத்தரங்குகள் பெருகிய காலத்தில் ‘முரண்பாட்டுத் தீர்வு’ என்னும் தொடர் ஏறத்தாழ ஒரு பாடநெறியின் பெயராகவே ஆகிவிட்டது. ஆனால் நம்மிடம் ‘பிணக்கு’ என்ற சொல்லும் உண்டு. தொழிற்சட்டத்திலே கைத்தொழிற் பிணக்கு என்கிறோம். அயலவரிருவர் வேலிக் கதியாலுக்காகச் சச்சரவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போவது பிணக்கு. பிணங்கியோர் இணங்கலாம், இணக்கம் என்ற சொல்லே அதற்கு எதிர்ச்சொல். முரண்பாடோ வேறு. இயங்கியற் பொருளில் முரண்பாடு என்பது ஓர் அமைப்பின் உள்ளேயே பொதிந்திருப்பது. அமைப்பு மாறாமல் அது தீராது. பேச்சினாலும் புன்னகையினாலும் அதனை ஒத்திவைக்க மட்டுமே இயலும். நோர்வே அறிஞர் யொஹான் கல்ருங் 1969 இல் அமைப்பியல் வன்முறை எனச் சுட்டியதும், அதற்கு முன்னரே எதிர்மறைச் சமாதானம், நேர்நிலைச் சமாதானம் எனப் பிரித்ததும் ஏறத்தாழ இவ்வேறுபாட்டையே நோக்கியவை. துவக்கு ஓய்வது ஒன்று. துவக்கைத் தூக்க வைத்த நிலைமை நீங்குவது மற்றொன்று.

‘பீஸ்மேக்கர்’ ஒரு முரண்பாட்டைப் பிணக்காகப் பெயர்த்துத் தருகின்றது. அப்பெயர்ப்பு முற்றாகப் பொய்யென்று கூறுவதற்கில்லை. ஒவ்வொரு முரண்பாட்டின் மேற்பரப்பிலும் தீர்க்கக்கூடிய பிணக்குகள் பல உண்டு. அவற்றைத் தீர்ப்பதால் உயிர்கள் பிழைக்கும். ஆனால் ஆட்டத்தினுள்ளே உழைப்பாளி இல்லை, அகதிமுகாம் பெண் இல்லை, கட்டாய இராணுவ சேவையை மறுத்துச் சிறை சென்ற இஸ்ரேலிய இளைஞன் இல்லை. மக்கள் எல்லோரும் ஒரு கம்பியிலே ஏறி இறங்கும் திரவமாக உள்ளனர். வரலாற்றை ஆக்குபவர் பதவியிலிருக்கும் ஒருவர்; அவர் மேசையிலே அமர்ந்து பொத்தானை அழுத்துகிறார்.

இவ்வாட்டத்தின் பயன் பற்றி நடைபெற்ற ஆய்வுகளுள் றொனிற் காம்ப், எஸ்ரா சுஹாதர் ஆகியோர் 2014 இல் வெளியிட்டது ஈண்டு முக்கியமானது. இஸ்ரேலிய யூத மாணவர், பலஸ்தீன மாணவர், அமெரிக்க மாணவர், துருக்கிய மாணவர் ஆகியோரை அவர்கள் ஒப்புநோக்கினர். ஆட்டம் அறிவை வளர்த்தது. ஆனால் மனப்பான்மையைப் பொறுத்தவரை தூரத்து நாட்டு மாணவரிடையே மாற்றம் காணப்பட, பிரச்சினையின் நேரடித் தரப்பினரிடையே அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. யாருக்குச் சமாதானத்தைக் கற்பிக்க வேண்டும் என்று ஆட்டம் ஆக்கப்பட்டதோ அவர்களிடமே அது தடைப்பட்டது. நேரடித் தரப்பினரின் பிடிவாதம் இதற்குக் காரணமெனச் சிலர் எளிதிற் கூறிவிடுவர். எனக்கு அது ஏற்புடையதன்று. சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று பழகிய மாணவன் அப்புள்ளிகளை நம்ப மறுத்தான் என்றால் அது அவனுடைய அறியாமை அல்ல, அறிவு. அஞ்சிக்கொண்டே பஸ்ஸில் ஏறிய இஸ்ரேலிய மாணவிக்கும் இது ஓரளவு பொருந்தும். விளையாட்டின் விதிகளிலே அவர்கள் தமது வாழ்வைக் காணவில்லை.

5

சமாதானக் கல்வி விளையாட்டுகளுக்கு வேறொரு பரம்பரையும் உண்டு. அது இலத்தீன் அமெரிக்க அரங்கிலிருந்து வருகின்றது. உருகுவே நாட்டவரான கொன்ஸாலோ பிராஸ்கா 2001 இல் தம் முதுகலை ஆய்வுக்கு ஒடுக்கப்பட்டோரின் வீடியோ விளையாட்டு என்றே பெயரிட்டார். பிரேசில் நாட்டு அகஸ்தோ போவாலின் ஒடுக்கப்பட்டோர் அரங்கு அதற்கு ஆதாரம். போவாலின் மன்ற அரங்கிலே பார்வையாளர் நாடகத்தை இடைநிறுத்தி, மேடையேறி, ஒடுக்கப்பட்ட பாத்திரத்தின் இடத்தைத் தாமே ஏற்று, வேறொரு வழியை முயன்று பார்ப்பர். விடை முக்கியமல்ல, முயல்வதும் அதன் மீது விவாதிப்பதுமே முக்கியம். ஒடுக்குவோனின் பாத்திரத்தை மாற்றி அவனை நல்லவனாக்கிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும் வழியை இவ்வரங்கு ஏற்பதில்லை. போவால் அதனை மந்திரத் தீர்வு எனக் கருதினார். ‘பீஸ்மேக்கர்’ ஆட்டத்தின் நல்ல பிரதமர் அத்தகைய மந்திரவாதியே எனத் தோன்றுகின்றது.

பிராஸ்கா 2003 இல் வெளியிட்ட ‘செப்ரெம்பர் 12’ மிகச் சிறிய ஆட்டம். சில நிமிடங்களில் அதன் பொருள் முழுவதும் விளங்கிவிடும். மத்திய கிழக்கு ஊர் ஒன்று. பெண்கள், பிள்ளைகள், நாய்கள், இடையிடையே துவக்கேந்திய பயங்கரவாதிகள். ஆடுபவரிடம் ஏவுகணையைக் குறிபார்க்கும் வளையம் ஒன்று. அழுத்திய பின் ஏவுகணை வந்து விழச் சிறிது நேரமாகும். அதற்குள் குறிவைத்தவன் நகர்ந்துவிடுவான். கடைத்தெருவிலே நின்ற பொதுமக்கள் மடிவர். பிணத்தைச் சூழ்ந்து அழுபவர்கள் சில கணங்களில் துவக்கேந்தியோராக மாறுகின்றனர். அழுத்த அழுத்த ஊர் இடிந்து, பயங்கரவாதிகள் பெருகுகின்றனர். இதில் வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. அழுத்தாமலே விட்டால் ஊர் மெல்ல மெல்ல மீளும். நியூயோர்க் தாக்குதலுக்கு அடுத்த நாளின் திகதியைத் தலைப்பாகக் கொண்ட இவ்வாட்டம், அதே ஆண்டு ஈராக்கின் மீது தொடுக்கப்பட்ட யுத்தத்துக்கு எதிரான ஒரு தெளிவான அரசியற் கூற்று. வசனம் எதுவுமின்றி விதியே வாதமாகும் வகையினை இதிற் காண்கிறோம். அதன் குறையும் அதுவே: ஒரே வாதம், ஒரே முறை. அழுத்தாதிருப்பதைத் தவிர வேறெதுவும் அது ஆடுபவருக்கு விட்டுவைக்கவில்லை. குறிபார்ப்பவனின் மனச்சாட்சியை அது தொடுகின்றது. குறிக்குள்ளானவனின் செயலை அது அறியவில்லை.

செயலைப் பற்றிப் பேச முயன்றது 2006 இல் வெளிவந்த ‘மேலான ஒரு சக்தி’ எனப் பொருள்படும் பெயருடைய ஆட்டம். காந்தியின் உப்புச் சத்தியாக்கிரகம், நாஷ்வில் கறுப்பின மாணவர் போராட்டம், போலந்தின் தொழிற்சங்க இயக்கம் முதலியவற்றைப் பதிவுசெய்த அதே பெயருடைய ஆவணப்படத்தின் தொடர்ச்சி அது. சேர்பியாவில் மிலோசெவிச்சுக்கு எதிராகப் போராடிய மாணவர் இயக்கத்தைச் சேர்ந்த இவான் மாறோவிச்சும் அதன் ஆக்கத்தில் பங்கேற்றார். வேலைநிறுத்தம், பகிஷ்கரிப்பு, துண்டுப் பிரசுரம், கூட்டணி என்பனவே இங்கு ஆயுதங்கள். தலைவனின் நாற்காலியிலிருந்து இயக்கத்தின் தெருவுக்கு ஆடுபவரை இறக்கியது இதன் பெருமை. ஆயினும் போராட்டத்தின் உள்ளடக்கத்தைக் கழற்றிவிட்டு உத்திகளை மட்டும் கற்பிப்பதில் ஓர் ஆபத்து உண்டு. எவ்வகை ஆட்சியை, எவருடைய நலனுக்காகக் கவிழ்ப்பது என்ற வினாவுக்கு உத்தி விடையளிக்காது. காந்தியே இதனை ஒப்பமாட்டார் என எண்ணுகிறேன்; அவருக்கு வழியும் முடிவும் பிரிக்க முடியாதவை.

6

சாதாரண மக்களின் பக்கத்திலிருந்து போரைப் பார்த்த ஆட்டங்கள் சமாதானக் கல்விக்கென ஆக்கப்பட்டவையல்ல என்பது கவனிக்கத்தக்கது. போலந்து நிறுவனமொன்று 2014 இல் வெளியிட்ட ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ சரயேவோ முற்றுகையின் அனுபவத்தைத் தழுவியது. அந்நகர் 1992 முதல் 1996 வரை 1,425 நாட்கள் முற்றுகையிடப்பட்டிருந்தது. ஆட்டத்தில் வரும் நகரம் கற்பனையானது. இடிந்த வீட்டிலே சிலர் ஒதுங்கியுள்ளனர். பகலில் வெளியே போக முடியாது. இரவில் ஒருவர் போய் உணவும் மருந்தும் விறகும் தேடி வரவேண்டும். ஒரு வீட்டிலே முதிய கணவனும் மனைவியும் மட்டும் இருக்கின்றனர்; அவர்களிடம் உணவு உண்டு; எதிர்த்துநிற்க அவர்களால் முடியாது. எடுத்துக்கொண்டு திரும்பலாம். திரும்பியவர் பின்னர் உண்ண மறுத்து மூலையில் அமர்ந்துவிடுவார். மனமுடைந்தவரைத் தேற்றச் சக வாசிகள் பேச வேண்டியிருக்கும். போர் நிறுத்தம் என்றோ ஒருநாள் வருகின்றது. அதனைக் கொண்டுவந்தவர் நாமல்லர். அது எப்போது வரும் என்று நமக்குத் தெரிவதுமில்லை. சமாதானம் வேறெங்கோ, வேறு எவராலோ செய்யப்படுவது. நமக்கு அது வானிலை போன்றது. பங்கரிலிருந்து வானொலிக்குக் காது கொடுத்த எவருக்கும் இந்த உண்மை புதிதன்று. போலந்து அரசு 2020 இல் இவ்வாட்டத்தை உயர்தர மாணவருக்கான துணைப்பாட ஆக்கங்களின் பட்டியலிற் சேர்த்தது. அரசுகள் சில வேளைகளில் நல்லனவும் செய்கின்றன.

இதனை ‘பீஸ்மேக்கர்’ ஆட்டத்துக்கு மாற்றாக நான் முன்வைக்கவில்லை. இங்கு ஆடுபவர் பிழைப்பதைத் தவிர வேறெதையும் கற்பதில்லை. ஒன்றில் செயலாற்றல் முழுவதும் தலைவனிடம். மற்றதில் மக்களிடம் துயரம் மட்டும். செயலும் துயரமும் ஒரே கையிற் சேர்ந்த ஆட்டம் ஒன்றை நான் இன்னும் காணவில்லை. வகுப்பறையிலே இவ்விரண்டையும் அடுத்தடுத்து ஆடச் செய்தால் ஏற்படும் உரசல் தனித்தனியே ஒவ்வொன்றும் தருவதிலும் பயனுடையதாகும் என்றே கருதுகிறேன். ஆனால் ஆட்டத்தின் பின் விவாதத்தை நடத்தும் ஆசிரியர் வேண்டும். போவாலின் அரங்கிலும் பார்வையாளருக்கும் மேடைக்கும் இடையே நின்று வினாவெழுப்பும் ஒருவர் இருந்தார். கணினியை வாங்கிக் கொடுத்து ஆசிரியரைக் குறைக்கும் திட்டங்களுக்கு இந்த விளையாட்டுகள் சாட்டாகக் கூடாது.

இறுதியாகக் குறிப்பிட வேண்டியது ‘லைலாவும் போரின் நிழல்களும்’ என்னும் சிறு ஆட்டம். நப்லூஸ் நகரைச் சேர்ந்த பலஸ்தீனரான றஷீத் அபூஐதே 2016 இல் வெளியிட்டது. காஸாவில் 2014 ஆம் ஆண்டுப் போர். தந்தை ஒருவன் தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஓடுகிறான். திரை முழுவதும் கருநிழல், உருவங்களுக்கு முகமில்லை. அவ்வாண்டு ஜூலை 16 இல் காஸாக் கடற்கரையிலே விளையாடிக்கொண்டிருந்த நான்கு சிறுவர் கொல்லப்பட்ட நிகழ்ச்சி இதில் வருகின்றது. ஓரிரு இடங்களில் ஆடுபவருக்குத் தெரிவுகள் தரப்படுகின்றன. எதைத் தெரிந்தாலும் அது காப்பாற்றுவதில்லை. தெரிவு என்பதே விளையாட்டின் உயிர் என்று கூறும் கோட்பாட்டாளருக்கு இது ஒரு பதில்: தெரிவிருந்தும் பயனற்ற வாழ்வு எத்தகையது என்பதை விளையாட்டினாலன்றி வேறெவ்வாறு உணர்த்துவது?

அப்பிள் நிறுவனம் முதலில் இதனைத் தன் விற்பனைத் தளத்தில் விளையாட்டு வகையிற் சேர்க்க மறுத்தது. செய்தி அல்லது உசாத்துணை என்ற வகையில் வைக்குமாறு ஆக்கியவரிடம் கூறப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பிய பின், 2016 மே மாதத்தில், அம்முடிவு கைவிடப்பட்டது. ஆயிரக்கணக்கானோரைச் சுட்டுத் தள்ளும் ஆட்டங்கள் விளையாட்டு என்ற பெயரோடு அதே தளத்தில் அப்போதும் விற்பனையாகிக்கொண்டிருந்தன. இஸ்ரேலியப் பிரதமராக அமர்ந்து சமாதானம் செய்வது விளையாட்டு. பலஸ்தீனத் தந்தையாக ஓடுவது விளையாட்டன்று என்று பிரித்த அந்த அலுவலர் எவரோ, அவர் நம்மிற் பல விமர்சகரை விடத் தெளிவாக இவ்வடிவத்தின் அரசியலை உணர்ந்திருந்தார் போலும். அபூஐதே அதன் பின்னர் 1948 ஆம் ஆண்டின் நக்பாவைப் பொருளாகக் கொண்டு ஒரு பெரிய ஆட்டத்தை ஆக்க முனைந்து, 2024 இன் இறுதியிற் பொதுமக்களிடம் நிதி திரட்டத் தொடங்கினார்.